முதுகுக்குப் பின்னால் ஆடியவர்கள்: ராமநாதபுரம் கரையில் ஆறு நாள்

முதல் நாள், ராமநாதபுரம்

சேது எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே எங்களை இறக்கிவிட்டது. பதினொரு பேர், நான்கு பெட்டி, ஒரு ஸ்பீக்கர், சாக்கில் கட்டிய கயிறு. ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றபோது ஆட்டோக்காரர் ஒருவர், "கச்சேரிக் கோஷ்டியா?" என்று கேட்டார்.

"டான்ஸ்ண்ணே" என்றாள் எங்கள் குழுவின் கடைக்குட்டி.

"எந்தக் கோயில் திருவிழா?"

"திருவிழா இல்லண்ணே. ஆடிப் பார்க்க வந்திருக்கோம்."

ஆடிப் பார்க்கத்தான் வந்திருக்கிறோம். எங்கள் டீச்சர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர் அமைத்த நவீன நடனங்களில் நாலைந்துதான் இன்னும் மேடையில் இருக்கின்றன. மற்றவை பழைய நோட்டீஸில் பெயராக மட்டும் கிடக்கின்றன. அவற்றில் இரண்டை மறுபடி எழுப்புவது என்று முடிவு செய்திருக்கிறோம். 'வலை' 1991-ல் செய்தது. எட்டுப் பேர், 22 நிமிடம், கடைசியாக ஆடியது 1998-ல். 'ரயில்' ஒருத்தி மட்டும் ஆடுவது, 9 நிமிடம், இசையே கிடையாது. இரண்டையும் இந்தக் கரையில் சில மாதம் இருந்துவிட்டு வந்துதான் டீச்சர் அமைத்தார். இரண்டிலும் நான் ஆடியிருக்கிறேன். 2003-ல் முட்டி போனதும் ஆட்டத்தை விட்டேன். இப்போது 53 வயது. குழுவை இன்று நடத்துகிற தம்பி போன் செய்து, "அக்கா, உங்க உடம்புல இருக்கறத இவங்களுக்குக் குடுத்துட்டுப் போங்க" என்றார். அன்றே ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மண்டபத்துக்கு வேன் மதியம்தான் என்பதால் அரண்மனை வளாகத்தில் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்குப் போனோம். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேதுபதிகள் காலத்தில் தீட்டிய ஓவியங்கள். தஞ்சாவூர் மராத்தியரோடு நடந்த போர், ராமாயணம், கண்ணன் கதை என்று சுவரும் தூணும் வளைவும் நிறைய நிறம். சில இடத்தில் காரை பெயர்ந்து முகம் பாதியாக நிற்கிறது. ஆடும் பெண்கள் முன்னால் எங்கள் பிள்ளைகள் நகரவே இல்லை. கடைக்குட்டி ஒருத்தியைப் போலவே முழங்கையை மடக்கி, இடுப்பை ஒடித்து நின்று பார்த்தாள்.

"அக்கா, இதுக்கு முந்தின ஸ்டெப் என்னவா இருந்திருக்கும்?"

எடை எந்தக் காலில் இருக்கிறது என்று தெரிந்தால் சொல்லிவிடலாம். ஓவியத்தில் இரண்டு பாதமும் தரையில் ஒரே மாதிரி பதிந்திருக்கின்றன. முன்னூறு வருடமாக அந்தப் பெண் அடுத்த அடி வைக்காமல் நிற்கிறாள். இந்த வாரம் எனக்கு முன்னால் இருக்கிற வேலையும் இதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள், மண்டபம்

ராமநாதபுரத்தில் ஓர் அரங்கத்தைத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் இல்லை என்றுவிட்டார்கள். இரண்டு மாத ஏற்பாடு ஒரு போனில் போயிற்று. தம்பி அலைந்து திரிந்து மண்டபத்தில் கடலோரமாக ஒரு கல்யாண மகாலைப் பிடித்தார். முகூர்த்தம் இல்லாத வாரம் என்பதால் வாடகை கட்டுப்படியானது.

தரைதான் கவலை. வழவழவென்று டைல்ஸ். பரதம் ஆடுகிறவர்களுக்குக் கல் தரை பழக்கம். எங்கள் ஆட்டத்தில் விழுந்து புரண்டு எழுவது அதிகம், டைல்ஸில் வழுக்கினால் இடுப்பு போய்விடும். கடைத்தெருவில் பனையோலைப் பாய் வாங்கி வந்து இரட்டையாக விரித்து, ஓரங்களைச் சணலால் தைத்தோம். சென்னையில் எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காத தரை அமைந்தது. காலை உரசினால் சரசரவென்று ஒரு ஓசை வருகிறது. பாய் முடைந்து விற்கும் அம்மா, "புதுசுல கால் கீறும், ரெண்டு நாள்ல படிஞ்சிரும் தாயி" என்று சொல்லி அனுப்பினார். கீறத்தான் செய்கிறது.

இனி 'வலை'யின் கதை. இருக்கிற ஆதாரம் மூன்று: ஒரு விஎச்எஸ் கேசட், டீச்சரின் நோட்டு, நாங்கள். கேசட் 1998 நிகழ்ச்சியில் எடுத்தது. கேமராவை மேடையின் வலது ஓரத்தில் வைத்துவிட்டார்கள். இடது பின்மூலையை ஒரு தூண் மறைக்கிறது. 12-ஆம் நிமிடம் முதல் 15 வரை அந்தத் தூணுக்குப் பின்னால் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது தெரியாது.

"நீங்கதான் ஆடினீங்களே அக்கா" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆடினேன். கயிற்றின் நடுவில், சபையைப் பார்த்து நின்று, நின்ற இடத்திலேயே பின்னடி போட்டேன். சபைதான் கடல். திரும்பக் கூடாது என்பது டீச்சரின் கட்டளை, நான் ஒருநாளும் திரும்பியதில்லை. என் முன்னால் திடீரென்று ஒருத்தி வந்து கயிற்றைப் பிடிப்பாள். கொஞ்ச நேரத்தில் இன்னொருத்தி. எங்கிருந்து வந்தார்கள், எப்படிப் போனார்கள் என்று யோசித்ததே கிடையாது. என் காலும் என் மூச்சும் எனக்குத் தெரியும், முதுகுக்குப் பின்னால் நடந்தது தெரியாது. மொத்தத்தையும் பார்த்த கண் டீச்சருடையது ஒன்றுதான்.

அந்த மூன்று பேரில் ஒருத்தி 2021-ல் இறந்துபோனாள். இன்னொருத்தியை எவ்வளவு தேடியும் பிடிக்க முடியவில்லை. மூன்றாவது அக்கா கனடாவில். நேற்று ராத்திரி வீடியோ காலில் பிடித்தோம்.

"அடியே, எனக்கு எங்கடி ஞாபகம்? நான் ஆடவே இல்ல. உக்காந்துதான் இருந்தேன். கை மட்டும் இப்படி வட்டமா போகும், கீழேர்ந்து மேல. முப்பது எண்ணுவேன்."

"கையில என்ன பாவம் அக்கா? அலையா?"

"டீச்சர் எதுவும் சொல்லலடி. சுத்துன்னாங்க, சுத்தினேன்."

நோட்டில் அந்த இடத்துக்கு நேராக ஒரே ஒரு வரி: 'இங்கே கயிறு குறைய வேண்டும்.' கயிறு எப்படிக் குறையும்? இன்று பகல் முழுக்க நாங்கள் செய்து பார்த்தது இதுதான். மூவரில் ஒருத்தி உட்கார்ந்து அலைபோலக் கையைச் சுற்றுகிறாள். இருவர் பக்கவாட்டுத் திரையிலிருந்து வந்து கயிற்றைப் பிடிக்கிறார்கள். கணக்கு இடிக்கிறது. வருகிறவர்கள் இருக்கிறார்கள், போகிறவர்கள் இல்லை. 15-ஆம் நிமிடத்தில் எட்டுப் பேரும் கயிற்றில் இருந்தாக வேண்டும், எங்களுக்குப் பத்து பேர் தேவைப்படுகிறது.

சாயங்காலம் பையன் ஒருவன், "விட்ட இடத்தை நாமளே புதுசா அமைச்சா என்னக்கா?" என்று கேட்டான். கேட்க வேண்டிய கேள்விதான். உலகத்தில் பல குழுக்கள் இந்த இடத்தில் நின்றிருக்கின்றன. நிஜின்ஸ்கி 1913-ல் பாரிசில் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இசைக்கு அமைத்த நடனம் சில காட்சிகளோடு நின்று, மறைந்தே போனது. மில்லிசென்ட் ஹாட்சன் என்ற பெண்மணி பல வருடம் செலவிட்டு, அன்று உதவியாளராக இருந்தவரின் குறிப்புகளையும் அரங்கத்தில் உட்கார்ந்து ஓவியர் ஒருவர் போட்ட கோட்டுப் படங்களையும் சேர்த்து அதைத் திரும்ப எழுப்பினார். 1987-ல் அமெரிக்காவில் ஜாஃப்ரி பாலே அதை ஆடியது. அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாம் 2009-ல் இறந்ததும் அவருடைய குழு என்ன செய்தது என்பது எனக்கு இன்னும் பெரிய விஷயம். இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய், வெகுகாலம் ஆடாமல் கிடந்த பழைய படைப்புகளையும் தூசி தட்டி எடுத்து ஆடிவிட்டு, 2011 டிசம்பர் 31 அன்று கலைந்துவிட்டார்கள். அது அவரே வகுத்து வைத்த திட்டம். நம் சென்னையில், 1985-ல் 'அங்கிகா'வில் பரதத்தையும் களரியையும் யோகத்தையும் ஒரே உடம்புக்குள் கொண்டுவந்த சந்திரலேகா 2006-ன் கடைசியில் மறைந்தார். அவருடைய 'சரீரா'வை அவரிடம் நேராகக் கற்றவர்கள் பின்னாலும் பல வருடம் ஆடினார்கள். எங்கள் டீச்சரின் தலைமுறைக்குச் சந்திரலேகா திறந்துவிட்ட கதவு அது.

பையனிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "புதுசா அமைக்கலாம்ப்பா. ஆனா தேடிப் பார்த்துட்டு அமைப்போம். டீச்சர் எதைப் பார்த்து இதைச் செஞ்சாங்களோ அது இங்க இருபத்தஞ்சு மைல்ல இன்னும் நடக்குது" என்றேன். நாளைக்கு தனுஷ்கோடி.

மூன்றாம் நாள், தனுஷ்கோடி

பாம்பன் ரோட்டுப் பாலத்தில் வேனை நிறுத்தக் கூடாது என்று போலீஸ் விரட்டினாலும் எல்லோரும் நிறுத்தத்தான் செய்கிறார்கள். நாங்கள் மெதுவாகக் கடந்தோம். பக்கத்தில் 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும் 2025-ல் திறந்த புதியதும் இணையாகப் போகின்றன. புதியதில் நடுத்துண்டு அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. இதற்கு மேல் எழுதினால் 'வலை'க்கு இடம் இருக்காது.

இது மாசி. வாடைக் காற்று இன்னும் விடவில்லை. ஒரே ரோட்டின் இடது பக்கம் வடகடல் கலங்கிக் கிடக்கிறது, வலது பக்கம் தென்கடல் பாய் விரித்தது போல இருக்கிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் இது அப்படியே மாறிவிடும். ஆண்கடல், பெண்கடல் என்று இங்கே பெயர். காற்று மாறினால் கரைவலைக்காரர்களும் கரை மாறுவார்கள். இப்போது தென்கடலில்தான் வலை.

ஏழு மணிக்கு நாங்கள் போனபோது வள்ளம் வலையை இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தது. கயிற்றின் ஒரு முனை இங்கே, மறுமுனை கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். இரண்டு முனையிலும் பத்துப் பன்னிரண்டு பேர். நடுவில் கடலுக்குள் அரைவட்டமாக வலை, அதன் அடியில் மீன் சேரும் பையான மடி. ஆளுக்கு ஒரு பட்டை இடுப்பில், பட்டையிலிருந்து ஒரு முழ நீளத்தில் சின்னக் கயிறு. அதன் நுனியைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றினால் கவ்விக்கொள்கிறது. பிறகு கடலைப் பார்த்தபடி பின்னால் சாய்ந்து, குதிகாலை மணலில் பதித்து, ஒவ்வொரு அடியாகப் பின்னடி. கை சும்மா கயிற்றின் மேல் கிடக்கிறது, இழுப்பதெல்லாம் இடுப்பு.

பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஏனென்றால் கேசட்டில் நாங்கள் சாய்ந்திருந்த அந்தச் சாய்வு அங்கே கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. சென்னையில் மூன்று மாதமாக அந்தச் சாய்வு வராமல் தம்பி கத்திக்கொண்டிருந்தார். சாக்கில் கட்டிக் கொண்டுவந்த பருத்திக் கயிற்றில் அது வராது. அதில் எடை இல்லை. எடை இருப்பதுபோல நடிக்கத்தான் முடியும்.

கடைக்குட்டிதான் முதலில் பார்த்தாள். என் தோளை அழுத்தினாள்.

"அக்கா, கடைசி ஆளைப் பாருங்க."

கயிற்றின் கடைசியில் இருந்தவர் மணல்மேடு வரை போனதும் நுனியை எடுத்துவிட்டார். கயிறு அவரை விட்டுவிட்டது. குனிந்தவாக்கில், சாய்ந்து கிடக்கும் எல்லோரையும் கடந்து தண்ணீர் வரைக்கும் ஓடினார். முழங்கால் நீரில் நின்று, கயிற்றில் தன் நுனியைச் சுற்றினார். இப்போது அவர்தான் முதல் ஆள். கொஞ்ச நேரத்தில் அடுத்த கடைசி ஆள் கழன்று ஓடினார். ஆள் கூடவில்லை, குறையவில்லை. கயிறு மட்டும் கடலிலிருந்து ஏறி வந்துகொண்டே இருந்தது.

மேட்டின் மேல், எல்லோருக்கும் பின்னால், பதினாறு வயதுப் பையன் ஒருவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து வந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டிக்கொண்டிருந்தான். கை கீழிருந்து மேலே, மறுபடி கீழிருந்து மேலே.

நான் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டேன். கனடா அக்கா சுற்றியது அலை இல்லை. ஏழு வருடம், எத்தனையோ மேடையில், இருட்டு மூலையில் யாருக்கும் தெரியாமல் அவள் கயிறு சுருட்டியிருக்கிறாள். 'இங்கே கயிறு குறைய வேண்டும்.' என் முன்னால் வந்து நின்றவர்கள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து கழன்று ஓடிவந்தவர்கள். எட்டுப் பேர் போதும்.

மதியத்துக்கு முன் இரண்டு கூட்டமும் நெருங்கி நெருங்கி ஒன்றாயின. பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். மடி கரையேறியபோது சூடையும் காரலும் கொஞ்சம் நெத்திலியும். இத்தனை ஆள் மூன்று மணி நேரம் இழுத்ததற்கு அது கொஞ்சம்தான். பங்கு பிரிக்கும்போது யாரும் சத்தம் போடவில்லை. அதற்குள் நண்டும் பாசியும் பொறுக்கி எறிந்துவிட்டு வலையை உதற ஆரம்பித்தார்கள்.

பங்கு முடிந்ததும் கூட்டத்தின் பெரியவரிடம் தம்பி போய்ப் பேசினார். முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மா இங்கே வந்து மாதக்கணக்கில் பார்த்திருப்பாரே என்று கேட்டார்.

"நெறையப் பேரு வருவாக, படம் எடுப்பாக, போவாக. யாரைன்னு சொல்ல?" என்றார். பிறகு பிள்ளைகளை ஆடிக் காட்டச் சொன்னார். மணலிலேயே நான்கு பேர் பருத்திக் கயிற்றைப் பிடித்துக் காட்டினார்கள். பெரியவர் கொஞ்சம் பார்த்துவிட்டு எழுந்துவந்து கடைக்குட்டியின் இரண்டு கையையும் கயிற்றிலிருந்து எடுத்துவிட்டார்.

"கையால இழுத்தா ஒரு நாளைக்குத்தான் இழுக்கலாம் தாயி. இடுப்பைக் குடு. கழுத்தை விடு. மூச்சை உள்ள வச்சுக்கிறாத, வெளிய விடு."

டீச்சர் எங்களுக்குச் சொன்னதும் இதே வரிசைதான். இடுப்பு, கழுத்து, மூச்சு. சொல்லிக்கொடுத்தவர் பெயர் தெரியாமலே நாங்கள் முப்பது வருடமாக வார்ம் அப்பில் இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

பழைய கயிறு ஒன்றை, அறுபது பாகம் (இரு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்) இருக்கும், விலைக்குக் கேட்டோம். உப்பும் மீன் செதிலும் ஏறிய கயிறு. விலையைச் சொல்லிவிட்டு, "நனைச்சு இழுங்க. காஞ்ச கயிறு பொய் சொல்லும்" என்றார்.

திரும்பும்போது இடிந்த தேவாலயத்தையும் ஸ்டேஷன் இருந்த இடத்தையும் பார்த்தோம். 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில் பயணிகளோடு கடலுக்குள் போனது. 'ரயில்' அதைப் பற்றியது. பிளாட்பாரத்தில் ஒருத்தி நிற்கிறாள், அவ்வளவுதான். அந்த இடத்தில் எனக்குப் பேச வரவில்லை. பிள்ளைகளும் புரிந்துகொண்டு தள்ளியே நின்றார்கள்.

நான்காம் நாள், உத்தரகோசமங்கை

முட்டி வீங்கிவிட்டது. பிள்ளைகளைத் தம்பியிடம் விட்டுவிட்டு, கடைக்குட்டியை மட்டும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி உத்தரகோசமங்கைக்குப் போனேன். 'மண் முந்தியோ மங்கை முந்தியோ' என்று இந்தச் சீமையில் சொல்வார்கள், அவ்வளவு பழைய ஊர். மாணிக்கவாசகர் 'நீத்தல் விண்ணப்பம்' ஐம்பது பாட்டும் இந்த ஊர் ஈசனிடம் என்னைக் கைவிட்டுவிடாதே என்று கெஞ்சிப் பாடியதுதான்.

இங்கே மரகத நடராசர் இருக்கிறார். வருடம் முழுக்க மேனி தெரியாமல் சந்தனம் பூசி வைத்திருப்பார்கள். மார்கழித் திருவாதிரைக்குச் சந்தனத்தைக் களைந்து, அபிஷேகம் செய்து, அன்றைக்குத்தான் பச்சை மேனியைப் பார்க்க முடியும். பிறகு புதுச் சந்தனம். நாங்கள் பார்த்தது சந்தனத்தை. தூக்கிய காலின் வளைவும் வீசிய கையும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

வாசலில் பூ விற்கும் அம்மா, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன டப்பியை எடுத்துக் காட்டினார். போன திருவாதிரையில் களைந்த சந்தனம். மேளச் சத்தம்கூட மரகதத்துக்கு ஆகாது, அதிர்ந்து விரிந்துபோகும், அதனால்தான் இந்தக் காப்பு என்றார். வருடா வருடம் ராத்திரி முழுக்கக் கண் விழித்துப் பார்ப்பாராம்.

"ஒரு நாள்தானே பாட்டி பார்க்க முடியும். மத்த நாள்ல கஷ்டமா இருக்காதா?" என்று கடைக்குட்டி கேட்டாள்.

"உள்ள இருக்காருன்னு தெரியும்ல" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்தச் சந்தனத்துக்குள் ஒருவர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று ஊருக்கே தெரியும். தினமும் விளக்கு ஏற்ற ஒரு ஆள் இருக்கிறார். 'வலை'க்கு இருபத்தேழு வருடத்துக்கு மேல் யாரும் விளக்கு ஏற்றவில்லை. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. கல்யாணம், வேலை, முட்டி என்று காரணம் எல்லாம் உண்மைதான். ஆனாலும் வருடத்துக்கு ஒரு முறை எட்டுப் பேரைக் கூட்டி ஒரு மொட்டை மாடியிலாவது ஆடியிருந்தால் இறந்துபோன தோழியிடமே கேட்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள், மண்டபம்

'ரயில்' யாருக்கு என்று இதுவரை சொல்லவில்லை. கடைக்குட்டிக்குத்தான். இன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து மணி நேரம்.

அதில் ஒரு இடம் உண்டு. தூரத்தில் ரயில் சத்தம் கேட்டதாக நினைத்து அவள் முன்பாதத்தில் எழும்புவாள். குதிகால் தரையை விட்டு ஒரு அங்குலம்தான் எழும். அப்படியே நாற்பது எண்ணிக்கை நிற்க வேண்டும். கை அசையாது, முகம் அசையாது. கெண்டைக்கால் நடுங்க ஆரம்பிக்கும். அந்த நடுக்கத்தை மறைக்கவே கூடாது என்பார் டீச்சர். "அது உன்னோட நடுக்கம் இல்ல, பிளாட்பாரத்தோடது" என்பார். பிறகு குதிகால் இறங்குவது அவ்வளவு மெதுவாக, எப்போது தரையைத் தொட்டது என்று சபைக்குத் தெரியாமல் இறங்க வேண்டும்.

என்னால் இப்போது பத்து எண்ணிக்கைக்கு மேல் நிற்க முடியவில்லை. அதனால் அவளை நிற்க வைத்து, நான் தரையில் படுத்து, அவள் குதிகாலுக்கும் பாய்க்கும் நடுவில் என் சுண்டுவிரலை வைத்தேன். இறங்குவதை விரலில் வாங்கிக்கொண்டேன். அவசரம், அவசரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பதினேழோ பதினெட்டோ முறைக்குப் பிறகு ஒரு தடவை எப்போது தொட்டது என்று எனக்கே தெரியவில்லை. விரல் மேல் ஒரு வெதுவெதுப்பு மட்டும் வந்தது. அவளிடம் எதுவும் சொல்லவில்லை, அப்படியே விரலை எடுத்துக்கொண்டேன்.

மற்றபடி இன்று கீழக்கரையிலிருந்து தம்பியின் சிநேகிதர் ஒரு கிலோ தொதல் என்ற இனிப்பைக் கொண்டுவந்தார். பத்து நிமிடம் தாங்கவில்லை.

ஆறாம் நாள், மண்டபம் தென்கடற்கரை

அரங்கம் கொடுக்கவில்லை என்று வருத்தப்பட்டேன். இன்றைக்கு ஆடின இடத்தைப் பார்த்த பிறகு அந்த வருத்தம் இல்லை. தென்கடல் பக்கம், படகு ஏற்றி வைக்கும் மணல். சாயங்காலம் ஐந்தரை. லைட் கிடையாது, மேற்கே இறங்குகிற சூரியன் போதும் என்று தம்பி சொல்லிவிட்டார். ஸ்பீக்கரையும் அவிழ்க்கவே இல்லை.

அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்து அறுபது, எழுபது பேர் வந்தார்கள். பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் சிலரும் வந்தார்கள், இன்று கடலுக்குப் போகிற நாள் இல்லையாம். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் பாசி பறிக்கிறவர்கள். துணி இல்லாத விரல்களைப் பார்த்தேன், நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு.

'ரயில்' முதலில். கடைக்குட்டி பாயை விட்டு மணலில் நின்றதால் குதிகால் எழும்பியது யாருக்கும் தெரியாதோ என்று பயந்தேன். தெரிந்தது. நாற்பது எண்ணுவதற்குள் கூட்டத்தில் குழந்தைகள்கூட அடங்கிவிட்டன. முடிந்தபோது யாரும் கை தட்டவில்லை. வயதான அம்மா ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் புயலில் யாராவது போயிருப்பார்களா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

'வலை'க்குக் கயிற்றை மதியமே கடலில் போட்டு ஊற வைத்திருந்தோம். எட்டுப் பேரும் சாய்ந்த அந்த முதல் சாய்விலேயே எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. 1991-ல் என் உடம்புக்குள் இருந்த அதே பாரம் அங்கே எட்டு உடம்பில் இருந்தது. நான் முதன்முறையாக அதை வெளியிலிருந்து, முன்னாலிருந்து பார்த்தேன். 12-ஆம் நிமிடம் கடைசி ஆள் கழன்று, குனிந்து, எல்லோரையும் கடந்து தண்ணீருக்கு ஓடினான். ஈர மணலில் அவன் கால்தடம் பதிந்தது. அடுத்தவள் கழன்று அதே தடத்தில் ஓடினாள். பின்னால் பையன் ஒருவன் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான், வட்டம் அவன் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ ஒரு ஆண் குரல் 'ஏலேலோ' என்று எடுத்தது. நாலைந்து குரல்கள் வாங்கிக்கொண்டன. நாங்கள் அதைத் திட்டமிடவில்லை. பிள்ளைகள் தங்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டு வலை இழுப்பவர்களின் அந்த அம்பாப் பாட்டின் அடிக்கு அடி வைத்தார்கள். 22 நிமிட ஆட்டம் இன்று 27 நிமிடம் போயிற்று.

பாசி எடுக்கும் அக்கா ஒருவர் என்னிடம் வந்து, "கடைசியில மடியைக் காட்டவே இல்லையே. மீனு கெடைச்சுச்சா இல்லையா?" என்று கேட்டார். டீச்சர் மடியை வைக்கவில்லை, கயிறு முழுக்க ஏறியதும் ஆட்டம் நின்றுவிடும் என்றேன். அவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "இழுக்கிறவளுக்குத் தெரியணும்ல" என்றார். தம்பியும் நானும் இதைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசினோம். முடிவுக்கு வரவில்லை.

சுருட்டினதைப் படம் எடுத்துக் கனடா அக்காவுக்கு அனுப்பினேன். அவளுக்கு அங்கே காலை. உடனே கூப்பிட்டாள். கொஞ்ச நேரம் எதுவுமே பேசவில்லை. பிறகு, "கயிறாடி அது?" என்றாள்.

நாளை காலை ரயில். கயிறு காயவில்லை, ஈரத்தோடுதான் சாக்கில் கட்டியிருக்கிறோம். அறை முழுக்கக் கடல் வாசனை.